திசு நிறமாலையில் தெரிகிற மாற்றம் திசுவுடையதுதானா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தென் சென்னையில் ஓர் ஆய்வகம். திசு எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி ஒன்று, லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் கருவி ஒன்று. என் நாள் முழுக்க இந்த இரண்டோடுதான் போகிறது. ஆராய்ச்சி மாணவர்கள் திசுவோடு வருவார்கள். பெரும்பாலும் வாய்ப்புற்றுத் திசு. அறுவையின்போது கன்னத்தின் உட்புறத்தில் இருந்து எடுத்தது, இரண்டு மூன்று பச்சரிசியைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். அளந்து முடித்துவிட்டு, "அமைடு 1 பீக் 1655இல் இருந்து 1640க்கு நகர்ந்திருக்கு, புரதத்தில் பீட்டா தகடு கூடியிருக்கு" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். பல தடவை அங்கே கூடியிருப்பது தண்ணீர்.

அந்தத் துண்டைக் கொடுத்தவர் இன்னொரு தடவை கொடுக்கப் போவதில்லை. அதனால்தான் இதைப் பொறுமையாக எழுதுகிறேன். திரையில் ஒரு மாற்றம் தெரிந்தால் அது காற்றில் இருந்து வந்ததா, ஸ்லைடில் இருந்து வந்ததா, கணக்கில் இருந்து வந்ததா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வரவேண்டும். விலக்க முடியாமல் மிஞ்சுவதைத்தான் திசுவின் பெயரில் எழுதலாம். கீழே அலகு இல்லாமல் வரும் பீக் எண்கள் எல்லாம் அலையெண்கள் (ஒரு செ.மீ. நீளத்தில் எத்தனை அலை), செ.மீ⁻¹ அலகில். ஒவ்வொரு முறையும் அலகைத் திருப்பி எழுதவில்லை. அமைடு 1, 2, 3 என்பவை புரதப் பிணைப்பின் அதிர்வுகள் தரும் பீக்குகள். பீட்டா தகடு என்பது புரதம் மடியும் ஒரு வடிவம்.

தொடங்குமுன் ஒரு வேலை. தினமும் காலையில் அகச்சிவப்புக் கருவியில் பாலிஸ்டைரீன் படலத்தையும் ராமனில் சிலிக்கான் துண்டையும் அளந்து சேமித்துவிடுங்கள். பாலிஸ்டைரீனின் 1601 பீக்கும் சிலிக்கானின் 520.7 பீக்கும் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து ஒரு சந்தேகம் வரும்போது அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

அறிகுறி: 1400க்கும் 1900க்கும் நடுவில் ஊசி ஊசியாகக் கோடுகள்

நீராவி. சென்னையில் இந்த வேலை பார்க்கிறவருக்கு முதல் எதிரி இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மற்ற மாதங்களிலும் மதியத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வந்துவிடும். இரவில் ஏசியை அணைத்துவிட்டுப் போனால் காலையில் கதவைத் திறக்கும்போதே முகத்தில் ஈரம் அடிக்கும். கருவிக்குள்ளும் அதே ஈரம்தான்.

எப்படி உறுதி செய்வது? 1800க்கும் 1900க்கும் இடையே பாருங்கள். திசுவுக்கு அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி உறிஞ்சல் எதுவும் கிடையாது. அங்கே ஊசிக் கோடுகள் இருந்தால் அமைடு பீக்கின் மேலே உட்கார்ந்திருக்கும் கோடுகளும் நீராவிதான். 3500 முதல் 3900 வரையிலும் அதே கூட்டம் தெரியும். 2349ஐ ஒட்டி இரட்டைக் கூம்பு இருந்தால் அது கார்பன் டை ஆக்சைடு, அறையில் இருக்கிறவர்கள் விட்ட மூச்சு. திசு பீக்குகள் எதையும் அது தொடாது. ஆனால் பேக்ரவுண்ட் (சாம்பிள் இல்லாமல் எடுக்கும் வெற்று அளவீடு) எடுத்த பிறகு கருவிக்குள் இருக்கும் காற்று மாறிவிட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி.

என்ன செய்யலாம்:

முதலில் உலர்த்தியைப் பாருங்கள். நீல சிலிகா ஜெல் ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தால் அது வேலையை நிறுத்தி நாளாகிவிட்டது. 110 முதல் 120 டிகிரியில் ஓவனில் வைத்து நிறம் திரும்பிய பிறகு போடுங்கள். பல கருவிகளில் ஒளிபிரிப்பானே பொட்டாசியம் புரோமைடில் செய்தது. உப்பு ஈரத்தைக் குடித்துக் கலங்கிவிட்டால் மாற்றுகிற செலவு ஆய்வகத்தையே உலுக்கிவிடும். ஆகவே சிலிகா ஜெல்லை அலட்சியம் செய்யாதீர்கள். அளவீடு இல்லாத நாளிலும் கருவிக்கு மின்சாரம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை அண்டவிடாது.

உலர் நைட்ரஜன் இணைப்பு இருந்தால் சாம்பிளை வைத்து மூடியபின் சில நிமிடம் பொறுங்கள். எத்தனை நிமிடம் என்று கருவியையே கேளுங்கள்: வெற்று அளவீட்டை அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே வந்தால் 1800-1900 பகுதி எப்போது தட்டையாகிறது என்று தெரிந்துவிடும். அதுதான் உங்கள் அறைக்கான காத்திருப்பு நேரம். மழை நாளில் அது நீளும்.

பேக்ரவுண்டைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள். காலையில் எடுத்த ஒரே பேக்ரவுண்டை வைத்து மாலை வரை ஓட்டுகிற பழக்கம்தான் நான் பார்த்ததிலேயே அதிக சாம்பிளைக் கெடுத்தது.

இதெல்லாம் செய்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் நீராவியின் நிறமாலையைத் தனியாக அளந்து, 1800-1900 தட்டையாகும் வரை கழிக்கலாம். மென்மையாக்கி மறைப்பது மட்டும் கூடாது. ஊசிக் கோடுகளை மென்மையாக்கினால் அவை மழுங்கி அமைடு பீக்கின் தோளில் சின்னச் சின்ன மேடுகளாக ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டாம் வகைக்கெழு எடுக்கும்போது அந்த மேடுகள் புரதத்தின் உள்கட்டமைப்பு மாதிரியே நிற்கும். சாவிட்ஸ்கியும் கோலேயும் 1964இல் கொடுத்த வழிமுறை அருமையானது. ஆனால் வகைக்கெழு அகலமான பீக்கை அடக்கிக் குறுகலானதைத் தூக்கிவிடும். நீராவியைப் போலக் குறுகலானது திசுவில் எதுவும் இல்லை.

அறிகுறி: அமைடு 1 பெருத்து, கீழ்ப்பக்கம் நகர்ந்து, 3400இல் அகலமான வீக்கம்

இது ஆவி அல்ல, திரவ நீர். நீர் மூலக்கூறின் வளைவு அதிர்வு 1640ஐ ஒட்டி வரும். புரதத்தின் அமைடு 1 இருப்பது 1650ஐ ஒட்டி. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கூட்டுப் பீக் கீழ்ப்பக்கம் நகர்ந்த மாதிரிதான் தெரியும். 1545இல் உள்ள அமைடு 2இல் நீர் கலப்பதில்லை. ஆகவே 1650க்கும் 1545க்கும் உள்ள உயர விகிதத்தைப் பாருங்கள். அமைடு 1 மட்டும் வளர்ந்து அமைடு 2 அப்படியே இருந்தால் நீரைச் சந்தேகியுங்கள்.

தீர்வு உலர்த்துவது. ஆனால் "ஒரு மணி நேரம் உலர்த்தினேன்" என்பதற்கு இந்த ஊரில் அர்த்தம் இல்லை. ஜனவரியின் ஒரு மணி நேரமும் நவம்பரின் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. வெட்டுத் துண்டை டெசிக்கேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரம்) வைத்து, அரை மணிக்கு ஒருமுறை அந்த விகிதத்தை அளந்து, அடுத்தடுத்து இரண்டு அளவீடுகளில் மாறாமல் இருக்கும்போது நிறுத்துங்கள்.

பொட்டாசியம் புரோமைடு வில்லை போடுகிறவர்களுக்கு: 100 மில்லிகிராம் உப்புக்கு 1 மில்லிகிராம் திசு என்ற அளவில் அரைக்கும்போதே உப்பு ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். 110 டிகிரியில் உலர்த்திய உப்பைச் சூடு ஆறுமுன் டெசிக்கேட்டருக்கு மாற்றி, தேவையானதை மட்டும் எடுத்து உடனே அழுத்துங்கள். வில்லை பால் மாதிரி வெளுத்திருந்தால் அளக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

அறிகுறி: ஏடிஆரில் பீக்குகள் தலைகீழாகத் தொங்குகின்றன

ஏடிஆர் என்பது வைரப் படிகத்தின் மேல் திசுவை அழுத்தி வைத்து அளக்கும் முறை. பேக்ரவுண்ட் எடுக்கும்போது அந்தப் படிகத்தின் மேல் ஏதோ இருந்திருக்கிறது. 2920லும் 2850லும் தொங்கினால் விரல் எண்ணெய் அல்லது முந்தைய சாம்பிளின் கொழுப்பு. துடைத்த ஐசோபுரொப்பனால் ஆவியாகி முடியுமுன் பேக்ரவுண்ட் எடுத்தாலும் கரைப்பானின் பீக்குகள் தொங்கும்.

படிகத்தை ஒரு தடவை சாய்வாக வெளிச்சம் விழ உட்கார்ந்து பாருங்கள். சுத்தமாகத் தெரிகிற வைரத்தைச் சுற்றியுள்ள உலோக விளிம்பில், மயிரிழை அகலப் பள்ளத்தில், பழைய திசுவின் பழுப்புக் கோடு ஒன்று காய்ந்து கிடக்கும். நடுவை மட்டும் துடைக்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது. அழுத்தும்போது ஈரத் திசுவின் நீர் அந்தக் கோட்டைக் கரைத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். பஞ்சு முனையை நனைத்து விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். அப்புறம் வெற்று அளவீடு எடுத்து நேர்கோடு வருகிறதா பார்த்துவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போங்கள்.

1900க்கும் 2300க்கும் இடையே இரைச்சலாக இருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே வைரமே உறிஞ்சுகிறது.

அறிகுறி: ஏடிஆரிலும் ஊடுபரவலிலும் ஒரே திசு வேறு வேறு உயரம் காட்டுகிறது

பிழை இல்லை, இயற்பியல். ஊடுபரவல் என்றால் ஒளி திசுவைத் துளைத்து மறுபக்கம் வருவது. வைரப் படிகத்தில் 45 டிகிரியில் ஒளி திசுவுக்குள் இறங்கும் ஆழம் 1650இல் சுமார் 1.2 மைக்ரோமீட்டர், 1000இல் சுமார் 2 மைக்ரோமீட்டர். அலைநீளம் கூடக்கூட ஆழமும் கூடும். அதனால் 1000 பக்கத்துப் பீக்குகள் ஊடுபரவலைவிட உயரமாக வரும். இரண்டு முறையில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். பீக்குகள் எல்லாமே சோர்ந்து கிடந்தால் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

அறிகுறி: அமைடு 1இன் இடப்பக்கத் தோள் சட்டென்று சரிந்து பள்ளமாகிறது, பீக்குகளுக்கு அடியில் ஓடும் பேஸ்லைன் அலை மாதிரி ஏறி இறங்குகிறது

மீ சிதறல். அகச்சிவப்பு நுண்ணோக்கியில் மெல்லிய வெட்டுத் துண்டுகளையும் தனி செல்களையும் அளக்கிறவர்களை இது விடாது. செல்லும் அதன் உட்கருவும் சில மைக்ரோமீட்டர் அளவு. அகச்சிவப்பின் அலைநீளமும் அதே அளவுதான். ஆகவே ஒளி உறிஞ்சப்படுவதோடு சிதறவும் செய்கிறது. உறிஞ்சல் வலுவாக உள்ள இடத்தில் ஒளிவிலகல் எண்ணும் துள்ளுவதால் சிதறலும் அங்கேயே துள்ளி, 1700ஐ ஒட்டிப் பள்ளம் போட்டு, அமைடு 1ஐக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடும். இந்தக் கோணலை ஒருகாலத்தில் வேறு வேறு காரணம் சொல்லி விளக்கிப் பார்த்தார்கள். ஒத்ததிர்வு மீ சிதறல் என்ற விளக்கம் 2009இல்தான் வந்தது.

நேர்கோட்டு பேஸ்லைன் கழித்தால் இது போகாது. பீக்கின் வடிவமே கெட்டிருக்கிறது. விரிவுபடுத்திய பெருக்கல் சிதறல் திருத்தம் என்கிற இஎம்எஸ்சி வகைத் திருத்தத்தில் மீ சிதறலையும் சேர்த்துச் செய்யும் நிரல்கள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அந்தத் திருத்தம் ஒப்பிடுவதற்கு ஒரு மேற்கோள் நிறமாலையைக் கேட்கும். நீங்கள் கொடுக்கும் மேற்கோளைப் போலவே எல்லாவற்றையும் மாற்றிவிடும் குணமும் அதற்கு உண்டு. சுற்றுகளைக் கூட்டிப் பாருங்கள், மேற்கோளை மாற்றிப் பாருங்கள். மேற்கோளோடு சேர்ந்து பீக்கும் இடம் மாறினால் அந்தப் பீக்கைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள்.

குறைந்த விலைக்குக் கிடைக்கும் பிரதிபலிப்புப் பூச்சு ஸ்லைடுகளில் இன்னொரு தொந்தரவு. உள்ளே போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து நிலை அலையாகி, வெட்டின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் பீக் விகிதங்கள் மாறிவிடும். தடிமன் வேறுபாட்டை நோய் வேறுபாடாகப் படித்துவிட வாய்ப்பு அதிகம். முடிந்தால் ஊடுபரவலுக்கு மாறிவிடுங்கள். கால்சியம் ஃபுளோரைடு ஸ்லைடு 1000க்குக் கீழே ஒளியைத் தடுக்கும். பேரியம் ஃபுளோரைடு 800 வரை இறங்கும்.

சாதாரணக் கண்ணாடி ஸ்லைடில் 2000க்குக் கீழே எதுவும் வராது. கருவி பழுதில்லை, கண்ணாடி உறிஞ்சுகிறது.

அறிகுறி: 2920, 2850, 1462 மூன்றும் எக்கச்சக்கமாக உயர்ந்திருக்கின்றன

"புற்றுத் திசுவில் கொழுப்பு கூடியிருக்கு" என்று எழுதுமுன் 1740ஐப் பாருங்கள். திசுக் கொழுப்பில் எஸ்டர் பிணைப்பு இருப்பதால் அங்கே ஒரு பீக் நின்றே ஆகவேண்டும். 2920 வானத்தைத் தொட்டு 1740 வெறுமையாக இருந்தால் அது, வெட்டுவதற்காகத் திசுவைப் பதித்து வைக்கும் பாரஃபின் மெழுகு. ராமனில் அதே மெழுகு 1063, 1133, 1296, 1441 என்று கூர்மையாக வரும்.

சைலீனில் இன்னொரு முறை, புதிய சைலீனில், ஊறவைக்கலாம். ஆனால் மெழுகை எடுக்கும் சைலீனும் எத்தனாலும் திசுவின் கொழுப்பில் பெரும்பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடுகின்றன. ஆகவே மெழுகுக் கட்டியில் இருந்து வந்த திசுவை வைத்துக் கொழுப்பைப் பற்றிப் பேசவே கூடாது. கொழுப்புதான் கேள்வி என்றால் முதல் நாளிலேயே உறைநிலைத் திசு வேண்டும் என்று அறுவை அரங்கில் சொல்லி வையுங்கள். அங்கேயும் உறைய வைக்க ஊற்றும் ஓசிடி பசையைத் திசுவின் மேல் கொட்டாமல், அடியில் ஒட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதில் உள்ள பாலிஎத்திலின் கிளைக்கால் 1100ஐ ஒட்டிப் பெரிய பீக் போட்டு பாஸ்பேட், சர்க்கரைப் பகுதியை மூடிவிடும்.

அறிகுறி: 1240 உயர்ந்திருக்கிறது, "டிஎன்ஏ கூடியிருக்கு"

இருக்கலாம். புற்றுச் செல்கள் வேகமாகப் பிரிவதால் உட்கரு அமிலம் கூடுவது இயல்புதான். அதனாலேயே இந்த விளக்கம் கைக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. ஆனால் 1240இல் டிஎன்ஏயின் பாஸ்பேட் மட்டும் இல்லை, கொலாஜனும் இருக்கிறது. 1204, 1282, 1338 மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் அங்கே கூடியது கொலாஜன். அப்போது 1080இல் உள்ள இன்னொரு பாஸ்பேட் பீக்கையும் பாருங்கள்.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கொலாஜன் கூடியிருந்தாலும் அது நோயினால் கூடியதாக இல்லாமல் இருக்கலாம். மேல்தோல் அடுக்கை அளப்பதற்குப் பதிலாக அதன் அடியில் உள்ள இணைப்புத் திசுவை நீங்கள் அளந்திருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் ஒன்றைச் சாயம் ஏற்றி, நோயியல் மருத்துவரிடம் கொடுத்து, "இது மேல்தோல், இது கட்டி, இது இணைப்புத் திசு" என்று பேனாவால் கோடு போட்டு வாங்குங்கள். அந்தக் கோடு இல்லாமல் அளந்த நிறமாலை என் மேசைக்கு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அறிகுறி: ராமனில் பீக்குகளே இல்லை, மலை மாதிரி ஒரு சரிவு மட்டும்

திசுவின் ஒளிர்வு. ராமன் சிதறல் மிகப் பலவீனமானது. பக்கத்தில் ஒளிர்வு இருந்தால் அதில் அமிழ்ந்துவிடும். 532 நானோமீட்டர் லேசரை விட்டு 785க்கு மாறுங்கள். மாற்ற வழியில்லை என்றால் அதே இடத்தில் லேசரைச் சில நிமிடம் விட்டு வைத்தால் ஒளிர்வு தேய்ந்து வரும். எல்லாச் சாம்பிளுக்கும் ஒரே அளவு நேரம் விடுங்கள். 785இல் கண்ணாடி ஸ்லைடு 1400 பக்கம் ஒரு பெரிய மேட்டைப் போடும். கால்சியம் ஃபுளோரைடு 321இல் ஒரு பீக்கோடு ஒதுங்கி நின்றுவிடும்.

கணக்கில் பேஸ்லைனைக் கழிக்கும்போது பல்லுறுப்புக்கோவையின் படியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது பீக்குகளையும் சாப்பிட ஆரம்பிக்கும். முதலில் கரைவது 1230-1300இல் உள்ள அகலமான அமைடு 3. நான்காம் படியிலும் ஆறாம் படியிலும் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ராமனில் ஒற்றை ஊசி

ஒரே ஒரு அளவீட்டில் மட்டும் வந்தால் விண்கதிர். அதே இடத்தில் இரண்டு மூன்று தடவை அளந்து இடைநிலையை எடுத்தால் போய்விடும்.

எல்லா அளவீட்டிலும் அதே இடத்தில் வந்தால் அறையின் விளக்கைப் பாருங்கள். 532 லேசரில் 485ஐ ஒட்டிக் கூர்மையான கோடு என்றால் அது டியூப் லைட்டில் உள்ள பாதரசத்தின் 546 நானோமீட்டர்ப் பச்சைக் கோடு. விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் தெரிந்துவிடும். சர் சி.வி. ராமன் இந்த ஊர் மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ராமன் விளைவைக் காட்டியபோது பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர்க் கோடுதான் அவருக்கு ஒளி மூலமாக உதவியது. பழைய டியூப் லைட்டின் கோட்டை நிறமாலையில் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

1350லும் 1580லும் இரண்டு அகல மேடுகள் வந்தால் திசு கருகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்புப் புள்ளி தெரியும். லேசர் திறனைக் குறைத்து வேறு இடத்துக்குப் போங்கள்.

750, 1127, 1585 மூன்றும் சேர்ந்து தூக்கலாக இருந்தால், அதுவும் 532இல், முதலில் இரத்தத்தையும் சைட்டோகுரோமையும் நினையுங்கள். அந்த நிறத்தில் இவை இரண்டிலும் உள்ள ஹீம் ஒத்ததிர்வில் இருப்பதால் கொஞ்சம் இருந்தாலும் சத்தமாகப் பேசும்.

அறிகுறி: பிசிஏ படத்தில் நார்மலும் கட்டியும் அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன

இதையும் ஓர் அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பிசிஏ என்பது நிறமாலைகளுக்குள் அதிகம் மாறுவது எது என்று தேடி, ஒவ்வொரு நிறமாலையையும் ஒரு புள்ளியாக்கிக் காட்டும் கணக்கு. அந்த மாற்றம் எந்தப் பீக்குகளில் இருக்கிறது என்று காட்டுவது லோடிங்.

ஒரு பிப்ரவரி மாலை, என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சிடுச்சு!" திரையில் இடப்பக்கம் சிவப்புப் புள்ளிகள், வலப்பக்கம் நீலப் புள்ளிகள், நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வருட உழைப்பு அது.

"அந்த முதல் கூறோட லோடிங்கைப் போடும்மா" என்றேன். போட்டாள். 1650 பக்கம் ஒரு மேடு, அதன் மேல் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக ஊசிகள். 1750க்கு மேலே, 1800க்கு மேலே, திசுவே இல்லாத இடத்திலும் அதே ஊசிகள்.

"கட்டியெல்லாம் எப்ப அளந்தே?"

"நவம்பர்ல அக்கா."

"நார்மல்?"

பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். ஜனவரியில் அளந்திருக்கிறாள். கட்டித் துண்டுகள் முதலில் தயாராகிவிட்டதால் அவற்றை மழைக்காலத்தில் முடித்துவிட்டு, மீதியைப் பொங்கலுக்குப் பிறகு அளந்திருக்கிறாள். கணினி பிரித்துக் கொடுத்தது இரண்டு பருவங்களை. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருந்தது. அவள் நிறமாலைகளை வாங்கிக்கொண்ட நான் ஒருநாளும் அளந்த வரிசையைக் கேட்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து முதல் கேள்வியே அதுதான்.

ஆகவே படம் அழகாகப் பிரிந்தால் இப்படிச் சோதியுங்கள். அதே புள்ளிகளுக்கு நோயின் நிறத்தை எடுத்துவிட்டு அளந்த தேதியின் நிறத்தைக் கொடுங்கள். பிறகு ஸ்லைடின் நிறம், பிறகு வெட்டியவரின் நிறம், பிறகு எந்த நோயாளி என்ற நிறம். ஏதாவது ஒன்றில் நோயைவிடச் சுத்தமாகப் பிரிந்தால் நோயைப் பற்றிப் பேசுகிற நேரம் இன்னும் வரவில்லை. லோடிங்கைப் பார்க்காமல் பிசிஏ படத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அதில் உள்ள மேடு பள்ளம் அகலமாக, தெரிந்த பீக்குகளின் இடத்தில் இருக்கவேண்டும்.

இனி அளப்பதாக இருந்தால் ஒரே நோயாளியின் கட்டியையும் ஓரத்து நார்மலையும் ஒரே நாளில், மாற்றி மாற்றி அளங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை பிறக்காது.

அறிகுறி: நார்மலா கட்டியா என்று வகைப்படுத்தும் கணினி மாதிரி 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது

இருபது நோயாளிகள், ஆளுக்கு நூறு நிறமாலை என்று வையுங்கள். மொத்தம் 2000. அதைக் கண்ணை மூடிக்கொண்டு 80க்கு 20 என்று பிரித்தால் ஒவ்வொரு நோயாளியின் நிறமாலையும் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மாதிரி நோயைக் கற்கத் தேவையே இல்லை. ஆளை அடையாளம் கண்டாலே போதும், விடை வந்துவிடும். உங்களிடம் இருப்பது 2000 சான்று அல்ல, இருபது.

பிரிக்கும்போது நோயாளி வாரியாகப் பிரியுங்கள். பைத்தான் மொழியின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் குரூப்கேஃபோல்டு என்று இதற்கே இருக்கிறது. குழு என்ற இடத்தில் நோயாளி எண்ணைக் கொடுங்கள். எண்ணிக்கை குறைவென்றால் ஒவ்வொரு நோயாளியாக வெளியே நிறுத்திச் சோதியுங்கள். சராசரி கழிப்பது, அளவு சமமாக்குவது, பீக்குகளைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் பயிற்சித் தொகுப்பில் மட்டும் கற்று, சோதனைத் தொகுப்பில் பொருத்த வேண்டியவை. முழுத் தரவையும் பார்த்து "நல்ல" பத்து பீக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பிரிப்பது, கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி.

கடைசியாக, நோயாளிகளின் விடைச் சீட்டை (நார்மல், கட்டி என்ற பெயர்களை) ஆளுக்கு ஆள் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரு வகை சம எண்ணிக்கை என்றால் 50 சதவீதத்தை ஒட்டி இறங்க வேண்டும். கலைத்த பிறகும் 90 என்று சொன்னால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைத்தபின் 99 என்பது 78 ஆகலாம். மனம் தளர வேண்டாம், அந்த 78ஐ வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அறிகுறி: டிஎஃப்டியில் கணக்கிட்ட அதிர்வுகள் அளந்ததோடு பொருந்தவில்லை

டிஎஃப்டி என்பது மூலக்கூறின் அதிர்வுகளைக் குவாண்டம் இயற்பியலால் கணக்கிடும் முறை. எல்லாமே சில சதவீதம் மேலே இருந்தால் இயல்பு. கணக்கு அதிர்வுகளைச் சீரிசை என்று எடுத்துக்கொள்கிறது, உண்மைப் பிணைப்பு அப்படி இல்லை. பி3எல்ஒய்பி, 6-31ஜி(டி) என்ற கணக்கு முறைச் சேர்க்கைக்குச் சுமார் 0.96ஆல் பெருக்குவது வழக்கம். எந்த முறைக்கு எந்த எண் என்பதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

முதல் அதிர்வு எதிர்மறை எண்ணாக வந்தால் மூலக்கூறு இன்னும் பள்ளத்தின் அடிக்கு வரவில்லை, ஒரு மேட்டின் முதுகில் நிற்கிறது. அந்த அசைவின் திசையில் அணுக்களைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி உகப்பாக்குங்கள்.

அமைடு 1 மட்டும் நூறு அலையெண் அளவுக்குத் தள்ளி நின்றால் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். புரதப் பிணைப்புக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் சின்ன மாதிரி என்-மெத்தில் அசிட்டமைடு. அதன் அமைடு 1 வாயு நிலையில் 1730ஐ ஒட்டி இருக்கும், நீரில் 1625ஐ ஒட்டி இறங்கிவிடும். ஹைட்ரஜன் பிணைப்பு செய்கிற வேலை. கரைப்பானைத் தொடர் ஊடகமாக வைத்தால் பாதி தூரம் வரும். இரண்டு மூன்று நீர் மூலக்கூறுகளை நிஜமாகவே பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டால் இன்னும் நெருங்கும். அமினோ அமிலத்தை வெற்றிடத்தில் ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்சுமையோடு உகப்பாக்கினால் புரோட்டான் தாவி மின்சுமை இல்லாத வடிவத்துக்குப் போய்விடும். அந்த வடிவத்தின் அதிர்வுகளைத் திசுவோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தும் மாற்றம் அப்படியே நிற்கிறது

அந்த மாணவியின் கதையை முடிக்கவில்லை. மிச்சம் இருந்த உறைநிலைத் திசுவில் இருந்து புதிய வெட்டுகள் எடுத்து, கோடைக்காலத்தில், கட்டியும் நார்மலும் மாற்றி மாற்றி, நைட்ரஜனோடு மறுபடி அளந்தாள். ஊசிகள் போயின. 1650 மேடு போயிற்று. நோயாளி வாரியாகப் பிரித்ததும் மாதிரியின் மதிப்பெண் நன்றாகவே இறங்கியது. ஆனால் 1030இல் ஒன்று மட்டும் போகவில்லை. அதன் துணைகளான 1080, 1150 இரண்டும் கூடவே அசைந்தன. நார்மலில் உயரம், கட்டியில் தாழ்வு. செல்கள் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் இருக்கிற இடம் அது.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, நிறமாலையை விட்டு வெளியே வந்து வேறு ஒரு சாட்சியைக் கேட்பது. கிளைக்கோஜனுக்குப் பிஏஎஸ் சாயம் இருக்கிறது. பக்கத்து வெட்டு ஒன்றில் நேராக ஏற்றுங்கள். இன்னொன்றை முதலில் கிளைக்கோஜனைச் சிதைக்கும் டயாஸ்டேஸ் நொதியில் ஊறவைத்துவிட்டு ஏற்றுங்கள். முதலாவதில் நிறம் பிடித்து இரண்டாவதில் போய்விட்டால் அது கிளைக்கோஜன்தான். வெட்டுகளைத் தண்ணீரில் நேரம் போகாமல் கையாளுங்கள், கிளைக்கோஜன் நீரில் கரையும்.

நுண்ணோக்கியில் நானும் குனிந்து பார்த்தேன். நார்மல் வெட்டின் மேலடுக்கு முழுக்க அடர்ந்த ரோஜா நிறம். ஓரத்தில் இருந்து கட்டிக்குள் ஸ்லைடை நகர்த்த நகர்த்த நிறம் வெளுத்துக்கொண்டே போயிற்று. டயாஸ்டேஸில் ஊறிய வெட்டில் இரண்டு பக்கமும் வெளிறிக் கிடந்தது. அவள் நோட்டை எடுத்து, 1030க்கு நேராக, பென்சிலில் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தாள்.